லெவல் பார்க்கும்போது சொன்னது

முதல் பயிற்சி: மூன்று நிமிட வானொலி விவரணம்.
இரண்டாவது: அதே ஆள், அதே இடம், காணொளி.
என்சிக் ரோஸ்லான் வெண்பலகையில் எழுதியது இவ்வளவுதான்.
கீழே சிவப்பில்:
மூச்சுச் சத்தம் கூடாது. 'ம்' கூடாது.

கையெழுத்துப் போட்டுப் பதிவுக் கருவியை வாங்கி
செகாமட் பேருந்தில் மடியிலேயே வைத்துக்கொண்டு
லாபிஸ் வந்திறங்கினேன்.
பேசுகிறவர் மிரளக் கூடாதென்று
சிவப்பு விளக்கின்மேல் கறுப்பு டேப்.
எனக்கு முன்னால் எடுத்துப்போன எவனோ ஒட்டியது.
நான் உரிக்கவில்லை.

லாபிஸில் அமைதியைப் பதிவு செய்ய முடியாது.
அறையின் வெறும் சத்தம் முப்பது விநாடி கேட்டால்
பதினோராவது விநாடியில் குலை லாரி,
இருபதாவதில் குழாய் மாற்றிய மோட்டார்,
அது ஓய்ந்தால் ஆலைச் சங்கு,
சங்குக்குப் பதில் சொல்லும் நாய்.
ஆலையின் புளித்த நெடி மட்டும்
மைக்கில் விழவேயில்லை.

கோமளம் அக்கா உதிரிப்பழம் பொறுக்குகிறவர்.
லெவல் பார்க்க ஏதாவது பேசவைக்க வேண்டும்.
காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேள்,
வகுப்பில் சொல்லித்தந்தது.
நம்மூரில் அது கேள்வியே இல்லை, வணக்கம்.
"என்னக்கா பசியாறினீங்க?"

"பசியாறல."
பச்சைக் கோடு கால்வாசிகூட ஏறவில்லை.
"சம்பளம் இருபத்தெட்டுக்குத்தான். ஒட்டுக்கடையில
நூத்திப்பத்து வெள்ளி நிக்குது, அந்தப் பக்கமே போறதில்ல.
புள்ளைக்கு ரொட்டி இருந்துச்சு. நான் தேத்தண்ணி... ம்...
இது பதிவாகுதா தங்கச்சி?"

"இல்லக்கா. சும்மா லெவல்."

நாற்பத்தொரு விநாடி.

ஆரம்பிக்கலாம் என்றதும்
அக்கா முதுகை நிமிர்த்திக்கொண்டு
செய்தி வாசிக்கிறவர் தமிழுக்கு மாறினார்:
"எங்கள் தோட்டத்துப் பெண்கள் எவ்விதக் குறையுமின்றி..."
கோடு அழகாக ஏறி இறங்கியது.
ஒரு 'ம்' இல்லை. வெட்ட ஒன்றுமே இல்லை.
பி பிளஸ்.
'சுத்தமாக இருக்கிறது' என்று எழுதியிருந்தார் ரோஸ்லான்,
பக்கத்தில் மூன்று புள்ளி.

காணொளிக்கு ஃபாத்தின் கூட வந்தாள்.
முக்காலியின் ஒரு கால் சணல்கயிற்றில் நின்றது.
கோணிச்சாக்கோடு செம்பனை நிரையில் வேண்டும் என்றேன்.
அக்கா உள்ளே போய்
பவுடர் பூசி, கவரிங் சங்கிலி போட்டு
பக்கத்து வீட்டு மைவிக்கு முன்னால் வந்து நின்றார்.
"இங்க எடு. கார் முழுசா தெரியணும்."
ஃபாத்தின் சிரிப்பை அடக்கியதில் படம் ஆடியது.
ஏழு நிமிடம் பேசினார்.
மைக் கம்பியைச் செருகவேயில்லை என்பது
இரவு கணினியில்தான் தெரிந்தது.

வாய் அசைகிறது. சத்தம் இல்லை.
இருந்தது அந்த நாற்பத்தொரு விநாடி.
இழுத்து அடியில் வைத்துப் பார்த்தேன்.
மைவி பளபளக்க, பவுடர் முகம் சிரிக்க,
"பசியாறல."

இரண்டு மணிக்கு ஃபாத்தினுக்கு அனுப்பினேன்.
தமிழ் தெரியாதவள். 'இதுதான்' என்று பதில் போட்டாள்.
இதுதான் என்று எனக்கும் தெரியும்.
என் பொய்யும் அதே கோப்பில் இருந்தது,
அக்கா குரலைவிடத் தெளிவாக.
என் லெவல் மட்டும் சரியாக.

ஞாயிற்றுக்கிழமை
ஒரு காதில் அவர், ஒரு காதில் நான்.
அக்கா என்னைப் பார்க்கவில்லை.
மைவி நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை,
அதைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.
முடிந்ததும் மறுபடி போடச் சொன்னார்.

"பதிவாகலன்னு சொன்னியே."

"ம்."

லாரி ஒன்று போனது. நாய் எழுந்து மறுபடி படுத்தது.

"சத்தமே வரல பாரு.
ஒட்டுக்கடைக்காரனுக்கே கேக்காது.
இன்னொரு தடவ எடு,
நல்லா சத்தமாச் சொல்றேன்."

கறுப்பு டேப்பை நகத்தால் உரித்தேன்.
பசை கொஞ்சம் தங்கிவிட்டது,
சிவப்பு மங்கலாகத்தான் எரிந்தது.

"என்னக்கா பசியாறினீங்க?"