பதினோரு விநாடி

தொடக்கநிலை நான்கு, தமிழ்ப் பாடம், புதன்கிழமை.
ஜூரோங் வெஸ்ட்டில் ஒரு பள்ளி. பெயரை எழுதக் கூடாது.
பிள்ளைகளுக்கும் பெயர் கிடையாது:
மா1, மா2 என்று மா23 வரை.
ஆசிரியை வெறும் ஆ.

இயர்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால்
ஒரு நிமிடப் பேச்சை எழுத்தாக்க
எனக்கு இருபது நிமிடம் ஆகிறது.
இருமலை எழுத வேண்டும்.
நாற்காலி இழுபடுவதை எழுத வேண்டியதில்லை.
மௌனத்தை அடைப்புக்குறிக்குள், விநாடிக் கணக்கில்.

திரையில் ஒரு படம்: உணவங்காடி நிலையம்.
"படத்தில் என்ன காண்கிறீர்கள்?"
மா4: "அங்கிள் வந்து... ட்ரேய ரிட்டர்ன் பண்றாரு."
ஆ: "முதியவர் ஒருவர் தட்டைத்
திருப்பி வைக்கிறார். எங்கே, சொல்லுங்கள்."
மா4 சொல்கிறான்.
சொல்லி முடித்தபின் அந்த முதியவர்
யாருக்கும் அங்கிள் இல்லை.

நான் குறிக்கிறேன்: க.
கலப்புக்கு க.
"லிஃப்ட்டு" க. "பஸ்ஸு" க.
பஸ்ஸுக்கு அந்த உகரத்தைக் கொடுத்தது யார்
என்று கேட்க ஒரு கட்டமும் இல்லை.

அமலோற்பவமும் நானும் ஒரே ஒலிப்பதிவைத்
தனித்தனியே குறித்து வெள்ளிக்கிழமை ஒப்பிடுவோம்.
போன வாரம் எங்கள் உடன்பாடு
பூஜ்யம் புள்ளி ஏழு ஒன்று.
வீட்டில் நானும் கணவரும் அதைத் தொட்டதே இல்லை.

மா17 பேசுவதில்லை.
முதல் பாடத்திலும் இல்லை, இரண்டாவதிலும் இல்லை.
நிமிடத்துக்கு ஒன்றாக அவன் வரிசையில்
ம ம ம ம என்று இட்டுக்கொண்டே போனேன்.
ம என்றால் மௌனம்.
தூங்காத கண்ணுக்கு, யாரோ கதை கேட்டு
ம் கொட்டுவது போலத் தெரியும்.

முப்பத்தோராம் நிமிடம்.
காமெராவோடு வந்த கோக் வா
முக்காலியில் கால் இடறி
"ஐயோ!" என்கிறார்.

நிறுத்தினேன்.
வெளியே பயனியர் ரயில்நிலையப் பக்கம் மழை.
இது எந்த மொழி?
எதிர்வீட்டு ஹஸ்லினா மீனைத் தீய்த்தால் சொல்வது.
பிரசவ அறையில் நான் சொன்னது.
குறியீட்டுப் பட்டியலில் நான்கு மொழிக்கு இடம் உண்டு,
ஐயோவுக்கு இல்லை.

மறுபடி ஓட விட்டேன்.
வகுப்பு சிரிக்கிறது. பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில்:
"பாவம்டி!" "காலு மாட்டிக்கிச்சு!"
"ஏய், சிரிக்காத!" "விழப்போறாரு, பிடி பிடி!"
யாரும் கைதூக்கவில்லை.
யாரும் முழு வாக்கியத்தில் சொல்லவில்லை.
அதற்கு நடுவே, மைக்குக்கு எட்டியும் எட்டாமலும்,
நான் இதுவரை கேட்டிராத ஒரு குரல்:
"அங்கிள், வயரு மேல நிக்கிறீங்க.
காலத் தூக்குங்க."

இரண்டாம் காமெராவில் தேடினேன். மா17.
கோக் வாவுக்குத் தமிழ் தெரியாது.
காலைத் தூக்கினார்.

முனைவர் இந்துமதியின் மின்னஞ்சல்:
"31:08 முதல் 31:19 வரை இடையூறு.
பாடத்துக்கு வெளியே. நீக்கிவிடவும்."
அவர் சொல்வது சரி. விதி அதுதான்.
விதியை எழுதிய மேசையில் நானும் இருந்தேன்,
பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டு.

அமலோற்பவத்துக்கு அனுப்பினேன்:
"வரி 214 பார்த்தியா? ஹவ் ஆ, டெலிட் பண்ணவா?"
அனுப்பிய பிறகுதான் படித்தேன்.
எனக்கு எத்தனை க போடுவாளோ.

நீக்கினேன்.
கோப்பு பதினோரு விநாடி குறைந்தது.
சேமிப்பதற்கு முன்னால்
மா17-இன் வரிசையில் முப்பத்தொன்றாவது ம-வுக்கு
ஒரு புள்ளி வைத்தேன்.
தட்டச்சுப் பிழை என்று
யாராவது திருத்தக்கூடும்.