நூற்று முப்பத்தோராம் நிமிடம்

மாரத்தஹள்ளி மாலில் ஐந்தாவது மாடி,
இரவு பத்தேகால் காட்சி.
டிக்கெட் அறுநூற்றைம்பது,
மூக்கில் நிற்காத கண்ணாடிக்குத் தனியாக முப்பது.
கோள் ஒன்று திரும்புகிறது.
அதன் மேல் மூன்று நிலவுகளின் நிழல்
ஒன்றையொன்று மிதிக்காமல் நடக்கிறது.
அரங்கே மூச்சை இழுத்துக்கொண்டது, நானும்தான்.
பொய் சொல்ல மாட்டேன்,
முதல் இருபது நிமிடம்
எனக்கு வீட்டு வாடகை மறந்துபோனது.

பிறகு அவர்கள் பேச ஆரம்பித்தார்கள்.

மனித குலம் என்றார்கள். நம்பிக்கை என்றார்கள்.
கதவு திறக்கும்போதெல்லாம் யாராவது ஒருவர்
'நமக்கு நேரமில்லை' என்றார்.
எனக்கோ நேரம் நிறைய இருந்தது.
கவனித்துக்கொண்டே வந்தேன்:
இரண்டே முக்கால் மணி நேரத்தில்
ஒருவரும் ஒரு வாய் சாப்பிடவில்லை.
ஒருவருக்கும் முதுகு அரிக்கவில்லை.
நாற்பதாண்டுப் பயணத்தில்
ஒரு சட்டைப் பொத்தான் அறுந்து விழவில்லை.
கப்பல் மட்டும்
திருகாணி திருகாணியாகத் தேய்ந்து, துருவேறி
வாழ்ந்த முகத்தோடு இருந்தது.

இடைவேளை படத்தைவிட நன்றாக எழுதப்பட்டிருந்தது:
ஒரு குழந்தை, கவிழ்ந்த பாப்கார்ன்,
குனிந்து பொறுக்கும் அப்பா,
'விடுங்க' என்றுவிட்டுத் தானும் குனியும் அம்மா.

ஜெபசெல்வி என் பக்கத்தில் அசையாமல் இருந்தாள்.
நூற்று முப்பத்தோராம் நிமிடம்
நாயகன் தன் மகளின் பழைய குரலைக் கேட்பான்.
கண்ணிலிருந்து ஒரு துளி பிரிந்து
விழுவதற்குக் கீழே என்று ஒன்று இல்லாமல் மிதக்கும்.
அந்தத் துளி அவளுடையது.
டொம்லூரில், ஜன்னலில்லாத மூன்றாவது மாடியில்,
ஒன்பது வாரம்.

கோலிக்குண்டு மாதிரி இருக்கிறதென்று
முதலில் திருப்பி அனுப்பினார்கள்.
அடுத்து பாதரசம் மாதிரி.
எங்கள் சமையலறையில் வெங்காயம் நறுக்கிவிட்டு
கண்ணாடி முன்னால் போய் நின்று பார்த்தாள்.
'இன்னும் கொஞ்சம் சோகமாக' என்று ஒரு மின்னஞ்சல்.
சோகத்தை எந்தப் பக்கம் திருகி ஏற்றுவது?

ஏழாவது வாரம் திசையன்விளையிலிருந்து போன்.
அக்காவுக்குப் பிறந்த குழந்தை தங்கவில்லை.
இவளுக்கு லீவு கிடைக்கவில்லை.
குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அவள் அழுதது
எனக்குக் கேட்டது.
கேட்காத மாதிரி சோறு வடித்தேன்.
மறுநாள் துளிக்குள்
சின்னதாக ஒரு நடுக்கம் சேர்த்தாள்.
உடனே ஒப்புக்கொண்டார்கள்.

இதோ வருகிறது.
மூன்று மாடி உயரம்.
உள்ளே நிலவுகள் தலைகீழாக.
நடுங்குகிறது.
எனக்குத் தொண்டை அடைத்தது,
அவனுக்காக அல்ல.
முன்வரிசையில் ஒருவர் போனில் ஆட்டோ தேடிக்கொண்டிருந்தார்.
'நமக்கு நேரமில்லை' என்றான் நாயகன்.
துளி உடைந்து வயலின்களாகப் போனது.

பெயர்கள் ஓடத் தொடங்கியதும்
அவளே முதலில் எழுந்தாள்.
'எங்க பேரெல்லாம் வராது, கம்பெனி பேருதான்.'

வெளியே ரிங் ரோட்டில்
பாலம் இன்னும் வந்து சேராத மெட்ரோ தூண்கள்,
தலையில் கம்பி நீட்டிக்கொண்டு நனைந்தன.
இருநூற்றைம்பது கேட்ட ஆட்டோக்காரரைக்
கன்னடத்தில் பேசி நூற்றெண்பதுக்கு இறக்கினாள்.
வண்டி நகர்ந்ததும்,
'எப்படி இருந்துச்சு?'
'துளி நல்லாருந்துச்சு.'
'படம்?'
நான் பக்கத்துத் தார்ப்பாயை இழுத்துக் கட்டினேன்.
அப்படியும் சாரல் உள்ளே வந்தது.
கொஞ்ச தூரம் போனபிறகு கேட்டாள்,
'மாவு இருக்கா?'
'புளிச்சிருக்கும்.'
'பரவால்ல' என்றாள், 'பசிக்குது.'