பதினேழாம் நம்பர் போல்

பேரைக் கேட்டதும் வேலை சம்பந்தப்பட்டது என்றே நினைத்தேன்.
போல்கா.
எங்கள் செக்ஷனில் போல் என்றால் கம்பம்.
வைத்திக்குப்பம் வரை எண்ணூற்றுச் சொச்சம்,
பாதியில் நான் ஏறியிருக்கிறேன்.

குருசுக்குப்பம் ஷட்டில் ஹால்,
வெள்ளிக்கிழமை ஏழு மணி.
சவரிராயலு மடியில் அக்கார்டியன்;
பகலெல்லாம் தபால் ஆபீசில் முத்திரை குத்திய கை
இப்போது இழுக்கிறது, அமுக்குகிறது,
பெட்டிக்கு மூச்சு வாங்குகிறது.

யுகந்தினி டீச்சர் சொன்னது இவ்வளவுதான்:
துள்ளு, பிறகு மூன்று அடி.
துள்ளு, பிறகு மூன்று அடி.
நின்றால் பின்னால் வரும் ஜோடி மேலே மோதும்.

மோதினார்கள்.
பதினைந்து பேர், ஜோடி சேர்த்தால் ஒருவர் மிச்சம்.
மிச்சம் நான்.
சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு சுற்றினேன்.
நன்றாகவே ஆடியது. காலை மிதிக்கவில்லை.

நாலாவது சுற்றில் கரண்ட் போனது.

விசிறி நின்றது. யாரோ ஐயோ என்றார்கள்.
அக்கார்டியனுக்கு மட்டும் விஷயம் தெரியாது,
அதற்கென்ன ப்ளக்கா, பாயின்டா?
இருட்டில் இன்னும் வேகமெடுத்தது,
தேங்காய் மூட்டை அவிழ்ந்து
படிக்கட்டில் உருண்ட மாதிரி.

நாற்காலியை எங்கே விட்டேனோ.
ஒரு கை வந்து என் தோளைப் பிடித்தது.
ஈரக் கை, எலுமிச்சை வாசம்,
விரலில் லூசாக ஒரு மோதிரம்.
துள்ளுங்க, என்றது குரல்.
துள்ளினேன்.

அப்போதுதான் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது.
யாரென்று எனக்குத் தெரியும்.
ஐஸ் பெட்டிகளில் மீன் வேர்க்கும்,
தெரு முழுக்க என் பேரைச் சொல்லித் திட்டும்.
நெஞ்சுக்கு மேல் விர்ர், விர்ர்,
அதுவும் ரெண்டு ரெண்டாக,
தாளம் தப்பாமல்.

இந்தப் பாட்டு முடியட்டும்.
பதினெட்டு வருஷ சர்வீசில்
இருட்டென்றால் நான் ஓடுகிற திசை ஒன்றுதான்.
இன்று வட்டமாக ஓடினேன்.

முடிந்தது. கை போனது.
டூல் பையோடு கடலோரம் போய்
பதினேழாம் நம்பரில் பெல்ட் மாட்டி ஏறினேன்.
இடது, வலது, இடது...
ஒரு துள்ளல் குறைகிறதே என்றது கால்.
இங்கே கூடாது என்று
காலுக்கு எப்படிப் புரியவைப்பது?

ஃப்யூஸ் போட்டதும்
தெரு ஜன்னல் ஜன்னலாகத் திரும்பி வந்தது.
ஹாலும் வந்தது.
நான் போனபின் பதினான்கு பேர்,
ஏழு ஜோடி, கணக்கு சரி.
ஆனாலும் யாரோ ஒருவர்
சிவப்பு நாற்காலியைக் கட்டிக்கொண்டு
சுற்றிக்கொண்டிருந்தார்.