இன்னார்

வண்ணார்பேட்டை மேம்பாலத்தின் உயரத்துக்கே
எங்கள் ஆபீஸ் ஜன்னல்.
நாகர்கோவில் பஸ்ஸின் கண்டக்டர்
என் திரையை எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்.
அவர் பார்த்தபோதெல்லாம்
நான் எழுதிக்கொண்டிருந்தது ஒரே வரிதான்.

எண்ணைக் கொடு, ஆளைக் கொண்டா.
எண்ணைக் கொடு, தாரைக் கொண்டா.
எண்ணைக் கொடு, லாரியைக் கொண்டா.
ஏர்வாடி வாழைத்தார் மண்டிக்கு ஒரு செயலி;
டவர் கிடைக்காத தோப்பிலும் கணக்குக் காட்ட
போனுக்குள்ளேயே ஒரு தரவுத்தளம்;
அதற்குள் பதினோரு அட்டவணை.
காப்பி, பேஸ்ட், பெயர் மாற்று.
பத்தில் மாற்றி
பதினொன்றாவதில் மறந்த அன்று
கூலி கேட்டால் லாரி வாடகை வந்து நின்றது.
மைதீன் பிச்சை முதலாளி திட்டவில்லை.
"கொஞ்சம் பாருங்கம்மா" என்றார்.
அதுதான் சுட்டது.

பாளையங்கோட்டை பத்திர ஆபீஸ் வரிசையில்
வாடகை ஒப்பந்தத்தோடு நின்றபோது
அச்சடித்த படிவத்தைப் படித்தேன்.
புள்ளி புள்ளியாய் ஓர் இடம், பிறகு 'ஆகிய நான்',
மறுபடி புள்ளிகள்.
அச்சடித்தவனுக்கு என் பெயர் தெரியாது.
தெரியாததால்தான்
ஊருக்கெல்லாம் அந்த ஒரு தாள் போதுகிறது.

அன்று ராத்திரி
இரண்டு கோண அடைப்புக்கு நடுவில்
ஒற்றை டி-யை உட்கார வைத்தேன்.
டி என்றால் இன்னார்.
யார் என்று பிறகு சொல்கிறேன், இப்போதைக்கு
எண்ணைக் கொடு, இன்னாரைக் கொண்டா.
இரண்டாயிரம் வரி நூற்றெண்பதாய் வற்றியது.
வற்றியதற்கு இந்த ஜில்லாவில்
யாரும் வருந்தாத ஒரே இடம் அதுதான்.

ஒரு சங்கடம்:
ஓடத் தொடங்கியதும் இன்னாருக்குத் தன் பெயர் மறந்துவிடும்.
கம்பைலர் எல்லாம் சரிபார்த்து
பெயர்ச்சீட்டைக் கிழித்துவிட்டுத்தான் உள்ளே அனுப்பும்.
"எந்த அட்டவணை?" என்று கேட்டால் டி முழிக்கும்.
ஆகவே ஒவ்வொருவர் சட்டைப்பையிலும்
விலாசம் எழுதி வைத்தேன்,
தனியாக ரயிலேறும் பிள்ளைக்கு வைப்பது மாதிரி.

இன்னொன்றை நான் கவனிக்கவில்லை.
பொது வகுப்பில் 'அழி' என்றும் ஒன்று எழுதியிருந்தேன்.
லாரிக்கு வேண்டும், வரத்துக்கு வேண்டும்.
கேட்காமலே அது
கடன் அட்டவணைக்கும் போய்ச் சேர்ந்தது.

புதன்கிழமை.
மண்டியில் கணக்கெழுதும் பிரம்மசக்தி
ஒரு பெயர்மேல் விரலை அழுத்திப் பிடித்திருக்கிறாள்.
சின்னதாய் ஒரு குப்பைத்தொட்டி எட்டிப் பார்த்திருக்கிறது.
காற்றில் வாழை சாய்ந்த களக்காட்டுக்காரர்கள்
நாற்பத்து மூன்று பேர்
மத்தியானச் சாப்பாட்டுக்குள் கடனற்றுப் போனார்கள்.

"கைபட்டுப் போச்சு" என்றாளாம்.
நாற்பத்து மூன்று தடவை.

சர்வரில் நகல் இருந்தது.
இருக்கிறது என்று சொல்ல எனக்கு
ஒரு டீ குடிக்கிற நேரம் ஆயிற்று.
பிறகு சொன்னேன். சம்பளம் வாங்குகிறேனே.
அத்தனையும் வட்டியோடு திரும்பின.

இன்னாரை இரண்டாகப் பிரித்தேன்:
படிக்கத் தக்க இன்னார்,
அழிக்கவும் தக்க இன்னார்.
கடன் முதல் வகை.
மீறினால் கம்பைலரே சிவப்புக் கோடு இழுக்கும்.

வெள்ளிக்கிழமை பிரம்மசக்தி கூப்பிட்டாள்.
புது வெர்ஷன் நல்லா ஓடுதுக்கா, என்றாள்.
லாரி நம்பரெல்லாம் டக்குன்னு வருது.
கொஞ்சம் சும்மா இருந்தாள்;
பின்னால் ஏத்தன் தாருக்கு யாரோ விலை கூவினார்கள்.
"அந்தக் குப்பைத்தொட்டி மட்டும் காணலியேக்கா,
எங்கன வச்சிருக்கிய?"