திங்கட்கிழமைக் கடிதம்

ஹால்வர்டின் கடிதம் திங்கட்கிழமை காலையில் வரும்.
தபாலில் அல்ல. அவரே நடந்து வந்து
கதவிடுக்கில் செருகிவிட்டு
மணி அடிக்காமல் போய்விடுவார்.
பனியில் பூட்ஸ் தடம் மட்டும்
வாசல்வரை வந்து, வாசலிலிருந்து போகும்.

"பிரசங்கம் இருபத்திரண்டு நிமிடம்.
பதினெட்டுக்கு மேல் எவனும் கேட்பதில்லை.
மூன்றாம் பாட்டைச் சுருதி ஏற்றிவிட்டீர்கள்.
காப்பி ஆறியிருந்தது.
பழைய போதகர் இருந்தவரை
மெழுகுவர்த்திகள் ஒழுகியதில்லை."

நான் நார்வேயின் இந்த வடகோடித் தீவுக்கு வந்து
மூன்றாவது குளிர்காலம்.
மீன் காயும் மரச்சட்டங்களுக்கும் கடலுக்கும் நடுவே
ஒரு வெள்ளை ஆலயம், நாற்பது பேர்.
நாற்பதில் முப்பத்தொன்பது பேரின் முகம்
சில ஞாயிறுகளில் எனக்கு நினைவிருந்ததில்லை.

முதல் ஆண்டு எல்லாவற்றுக்கும் பதில் எழுதினேன்,
பணிவாக, வசன ஆதாரத்தோடு, பக்கம் பக்கமாக.
பதிலுக்கு அவரும் எழுதினார்.
எரிகிற அடுப்பில் நெய் ஊற்றியவள் நான்தான் என்று புரிய
ஒரு குளிர்காலம் முழுதும் ஆயிற்று.

இரண்டாம் ஆண்டு பிரசங்க பீடத்திலிருந்து பதில் சொன்னேன்.
அது இதைவிடக் கேவலம்.
பெயர் சொல்லாமல், "நம்மில் சிலர்" என்று ஆரம்பித்து,
நல்ல சமாரியன் கதையில்
பக்கமாய் விலகிப் போனவனுக்கு
ஹால்வர்டின் நீலத் தொப்பியை மாட்டிவிட்டேன்.
கணவனைக் கடலுக்குக் கொடுத்த ஒட்ஹில்ட்
அன்று ஒரு ஆறுதல் சொல்லுக்காக வந்திருந்தாள்.
வாசலில் என் கையைப் பிடித்துக் கேட்டாள்:
"இன்றைக்கு நீங்கள் எங்களோடு பேசவில்லை, இல்லையா?"

பேராயரைத் தொலைபேசியில் அழைத்தேன்.
"அன்புகூருங்கள்" என்றார்.
படகு எத்தனை மணிக்கு என்று கேட்டவளிடம்
கடல் பெரியது என்று சொன்னதுபோல் இருந்தது.

பிப்ரவரியில் ஆண்டுக் கூட்டம்.
வாரமெல்லாம் மீன் ஆலையில் நின்று
ஞாயிறன்று ஆர்கன் வாசிக்கும் ருத்தா,
லித்துவேனியாக்காரி,
விரலில் பிளாஸ்திரியோடு கடைசியில் உட்கார்ந்திருந்தாள்.
ஹால்வர்ட் எழுந்தார்.
"நம் பாட்டுகளுக்கும் வெளிநாட்டு உச்சரிப்பு வந்துவிட்டது."
சிலர் சிரித்தார்கள்.
சிரிக்காதவர்கள் கோப்பைக்குள் பார்த்தார்கள்.

எனக்கு எந்த வசனமும் வரவில்லை.
"உட்காருங்கள், ஹால்வர்ட்.
பிரசங்கத்தைச் சொல்லுங்கள், காப்பியைச் சொல்லுங்கள்.
என்னைப் பற்றி என்ன எழுதினாலும் படிக்கிறேன்.
இவளைப் பற்றி, இப்படி, இந்த அறையில்
இனி ஒரு வார்த்தை கிடையாது."
குரல் உயரவில்லை.
முழங்கால் நடுங்கியதை மேசை மறைத்தது.

அவர் உட்காரவில்லை. கோட்டை எடுத்துக்கொண்டு போனார்.

ஜெயித்தவள் நன்றாகத் தூங்குவாள் என்று நினைத்திருந்தேன்.
தொண்ணூற்றொன்பதை விட்டுவிட்டு
ஒன்றைத் தேடிப்போகும் மேய்ப்பனைப் பற்றி
எத்தனையோ முறை பேசியிருக்கிறேன்.
அந்த ஒன்று இன்னொன்றைக் கடித்திருந்தால்?
யாரும் கேட்டதில்லை. நானும்.

மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன்.
கதவைத் திறந்தார், உள்ளே வா என்று சொல்லவில்லை.
"சொன்னதைத் திரும்ப வாங்க வரவில்லை" என்றேன்.
"ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கும் உண்டு. அவ்வளவுதான்."
அடுப்பில் ரொட்டி தீய்கிறது என்று கதவைச் சாத்தினார்.
தீய்ந்த வாசம் எதுவும் வரவில்லை.

ஞாயிறு வந்தார்.
இடப்பக்கம், நான்காவது பெஞ்சு.
கைக்கடிகாரத்தைக் கழற்றி முன்னால் வைத்தார்.
ருத்தா வாசித்தாள். அவர் பாடவில்லை.
அன்றைய பகுதி விதைக்கிறவன்.
விதையைப் பற்றி மட்டும் பேசினேன்.

திங்கட்கிழமை. தடம். ஒரே வரி:
"இடப்பக்கத்து ஒலிபெருக்கி வேலை செய்யவில்லை."

ஏணி போட்டு ஏறிப் பார்த்தேன்.
இணைப்புக் கம்பியில் பச்சையாய்க் களிம்பு.
ஒரு வாரத்தில் பிடிக்கிற களிம்பு அல்ல.