பதம்

ஏழு வீட்டுக்கு ஒரு வீடு.
தொப்பிக்குள் கைவிட்டு எடுத்த சீட்டில் நான்கு இருந்தது.
நான்கு, பதினொன்று, பதினெட்டு என்று
கதவுகளில் சாக்பீஸால் எண்ணெழுதிக்கொண்டே போனேன்,
பைக்கின் பின்னால் ஐஸ் பெட்டி குலுங்க,
கரும்புத் தோகை எரிந்த சாம்பல் இன்னும் அடங்காத
எல் ஹிகாரோவின் ஒரே தெருவில்.
இருநூற்றுப் பதினேழு வீடு. என் பங்கு முப்பத்தொன்று.
மிச்சத்தைக் கணக்கு பார்த்துக்கொள்ளும்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்.
பானை சீராக வெந்திருந்தால்.

பெரியவர்கள் எண்பத்து மூன்று பேர்.
ரத்தம் கொடுத்தவர்கள் எழுபத்தொன்று.
கொடுக்காத பன்னிரண்டு பேரும் ஆண்கள்.
நவம்பரில் ஆளெடுக்கும்போது சர்க்கரை ஆலையும்
இதே கிரியாட்டினினைத்தான் பார்க்கும்,
கூடுதலாக இருந்தால் கத்தி கிடையாது, கூலி கிடையாது.
"உன் காகிதம் ஆலைக்குப் போகாதென்று யார் சொன்னது?"
என் கையெழுத்தைக் காட்டினேன்.
எவுலோகியோ சிரித்தார்.
ரத்தம் வேண்டாம், இதை வைத்துக்கொள் என்று
கோப்பையை மட்டும் நிரப்பிக் கொடுத்தார்.
அவர் பின்னாலேயே, பள்ளிச் சீருடையில் ஒரு பையன்
கால்சட்டைப் பொத்தானைப் போட்டபடி வெளியே வந்தான்.
தெளிந்த, பன்னிரண்டு வயதுச் சிறுநீர்.
வாங்கிக்கொண்டேன்.
குறிப்பில் எழுதினேன்: ஐயத்துக்குரியது.

வடிகட்டும் வேகம் அறுபதுக்குக் கீழே பதினான்கு பேர்.
ஆனால் ஒரு தடவை போதாது.
அறுவடை வெயிலில் வற்றிய உடம்பு சில நாள் பொய் சொல்லும்;
மூன்று மாதம் கழித்தும் எண் தாழ்ந்தே கிடந்தால்தான்
நாள்பட்டது என்று எழுதலாம்.
இதை நாற்பத்தாறாம் எண் வீட்டில் விளக்கினேன்.
கிறிசாந்தோ உயோவாவுக்கு முப்பத்து நான்கு வயது.
"அப்பாவுக்கு வந்தது. அண்ணன்கள் இரண்டு பேருக்கும் வந்தது.
எனக்கு மட்டும் நாள் பார்க்கிறாயா?" என்றார்.

ஆகஸ்டில் போனேன்.
பதினொரு பேர் இருந்தார்கள்.
ஒன்பது பேருக்கு எண் ஏறவில்லை.
இருவருக்கு ஏறியிருந்தது; அதில் நொஹெமி என்பவள்
என்னைக் கட்டிக்கொண்டு, சொல்லாமலே
ஒரு சீப்பு வாழைக்காயை ஐஸ் பெட்டிக்குள் வைத்துவிட்டாள்.
ஒருவன் அன்னாசி வெட்ட எல்லை தாண்டிப் போயிருந்தான்.
ஒருத்தி கதவைத் திறக்கவில்லை.
நாற்பத்தாறின் கதவு திறந்தே கிடந்தது.

ஜூலை பத்தொன்பது, என்றாள் மார்பெலி.

லெயோனில், இரவில், வகுத்தோம்.
ஒன்பதை எழுபத்தொன்றால்:
நூற்றுக்குப் பன்னிரண்டு புள்ளி ஏழு.
திரும்பக் கிடைக்காத மூவரை நீக்கி அறுபத்தெட்டால்:
பதின்மூன்று புள்ளி இரண்டு.
எது சரி என்று வில்மாவும் நானும்
காப்பி ஆறி ஆடை படியும்வரை வாதாடினோம்.
எப்படி வகுத்தாலும் அந்த ஒன்பதில் அவர் இல்லை.
பரவல் என்பது உயிரோடிருப்பவர்களின் கணக்கு.
செத்தவர் தன் நோயையும் கூடவே எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்.
ஜூலைக்குப் பிறகு ஊர் கொஞ்சம் நலமடைந்திருக்கிறது.
அவருடைய அப்பா போனபோதும், அண்ணன்கள் போனபோதும்
இப்படித்தான்
கொஞ்சம் கொஞ்சமாக நலமடைந்திருக்க வேண்டும்.

பதம் பார்க்கும் விரல் பானைக்குள்தான் போகும்.
தின்று தீர்ந்த சோறு அதற்குச் சிக்காது.

முடிவைச் சொல்லப் பள்ளிக்கூடத்தில் ஊரைக் கூட்டினோம்.
தொண்டையைச் செருமிக்கொண்டு சதவீதத்தைச் சொன்னேன்.
மார்பெலி காகிதத்தை வாங்கி
மேலிருந்து கீழாக ஒருமுறை, பிறகு கீழிருந்து மேலாக.
"என் வீட்டுக்காரர் இதில் எங்கே?"
அடிக்குறிப்பைக் காட்டினேன்:
தொடர முடியாதவர்கள், மூவர்.
"மூன்று பேரும் ஒன்றா?" என்று கேட்டாள்.
கோபமாக இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்டாள்.
வில்மா நாற்காலிகளை மடக்கத் தொடங்கினாள்.

போகும் வழியில் நாற்பத்தாறின் முன்னால் வண்டி தானாக மெதுவானது.
மே மாதத்துச் சாக்பீஸ் எழுத்து, மழைக்குத் தப்பி,
தகரக் கூரை இறக்கத்தின் கீழே அப்படியே இருந்தது.
பக்கத்தில் யாரோ கரித்துண்டால்
ஒரு குறி போட்டிருந்தார்கள்.
கூட்டல் குறி என்றுதான் முதலில் நினைத்தேன்.