புவெல்சே

கிழக்கிலிருந்து வரும் காற்றுக்குக் கொண்டல் என்று பேர் வைத்து
மழையை எதிர்பார்த்திருந்த நம் மொழி
சிலியின் இந்தக் கரையைப் பார்த்ததில்லை.
இங்கே கிழக்கு என்றால் மலை.
மலையிறங்கும் காற்றுக்குப் புவெல்சே என்று பெயர்.
இறங்க இறங்கச் சூடேறி,
இருந்த ஈரத்தையெல்லாம் மறுபக்கமே தொலைத்துவிட்டு,
வெறுங்கையோடு கடலுக்கு வரும்.

பிப்ரவரி. காற்று தொடங்கி மூன்றாம் நாள்.
கோழிகள் குழி பறித்து அதற்குள்ளேயே கிடக்கின்றன.
யூகலிப்டஸ் தன் பட்டையை நீள நீளமாய் உரித்துக்
கிளையிலேயே தொங்கவிட்டிருக்கிறது,
விளக்குக்குத் திரி போட்டு வைத்ததுபோல.
கம்பளியைத் தொட்டால் சுருக்கென்கிறது.

மணலில் ரொசமேலுக்கு மட்டும் இது நல்ல காற்று.
பாறையிலிருந்து அவன் அறுத்து இழுக்கும் கொச்சாயூயோ,
இரண்டாள் நீளக் கடற்பாசி, ரப்பர் குழாய் மாதிரி,
ஒரு வாரம் காய வேண்டியது
இரண்டே நாளில் செம்பழுப்பாகிறது.
மடிக்கிறான், கட்டுகிறான், சீட்டியடிக்கிறான்.
சீட்டியும் கடலுக்குள் போய்விடுகிறது.

மேலே பைன் தோட்டத்து நடுவில், காவல் கோபுரத்தில்
அவன் மனைவி எதெல்மீரா.
ஈரப்பதம் காலையில் பதினாறு, இப்போது பதினொன்று.
கால்மணிக்கொரு தரம் கண்ணைச் சுற்றிலும் ஓட்டுகிறாள்:
தூசியா, புகையா.
தூசி எங்கிருந்தும் கிளம்பும்.
புகைக்கு வேர் உண்டு.
எதிரே, கண்ணுக்கு எட்டும்வரை தண்ணீர்.
அது இருக்கிறது, அவ்வளவுதான்.

காற்று நிற்க வேண்டும் என்று அவள்.
இன்னும் ஒரு நாள் அடிக்கட்டும் என்று அவன்.
இரவுச் சாப்பாட்டில் இதைப் பற்றிப் பேச்சில்லை.
ரொட்டி மட்டும் கைமாறும்.

மூன்றரை மணி. பள்ளத்தில் ஒரு நீலப் பொறி.
மறுபடி.
பைனாகுலரில் ஃபூயிக்கா தெரிகிறார்,
முகமூடிக்குள் தலையை விட்டு
வாசல் கேட்டுக்கு வெல்டிங் வைத்துக்கொண்டு.
நேற்றைய காற்று பிடுங்கிப் போட்ட கேட்.
சுற்றிலும் இடுப்பளவு காய்ந்த புல்.

வயர்லெஸ் சொல்கிறது: வண்டிகள் இரண்டும் வேறு மலையில்,
நாற்பது நிமிடம் ஆகும்.
அவள் கோபுரத்தை விட்டு இறங்கக் கூடாது.
போன் போடுகிறாள்.
முதல் தடவை காற்றுதான் எடுத்தது. இரண்டாவதும்.
மூன்றாவதில், "என்ன?"
"பக்கத்தில் இருப்பது நீதான். ஓடு."

அப்போதுதான் அறுத்த ஈரக் கட்டு தோளில் இருந்தது.
இறக்கி வைக்கத் தோன்றவில்லை. அதோடே ஓடினான்.

"கேட் இல்லையென்றால் மாடு போய்விடும், தம்பி!"
ரொசமேல் பதில் சொல்லாமல் பிளக்கைப் பிடுங்கினான்.
கிழவர் முகமூடியைத் தூக்கித் திட்ட வாயெடுத்தபோது
அவர் முதுகுக்குப் பின்னால்
ஒரு தட்டளவு புல் கறுத்திருந்தது.
நெருப்பு தெரியவில்லை. அந்த வெயிலில் அது தெரியாது.
கறுப்பு மட்டும் விளிம்பு விளிம்பாய் அகன்றது.
தட்டு, முறம், பாய்.

கட்டை அவிழ்த்து அதன்மேல் வீசினான்.
உப்புநீர் சீறியது.
கிழவர் தன் சட்டையைக் கழற்றி அடித்தார்.
இருவரும் மிதித்தார்கள், நாட்டியம் தெரியாதவர்கள் போல,
காலடியில் கடல் வாடை கருகிக் கிளம்ப.

கரைக்குத் திரும்பியபோது
காய்ந்த கட்டுகளில் பாதியைக் காணோம்.
கட்டாமல் விட்டவற்றைப் புவெல்சே எடுத்து
அறுத்த இடத்துக்கே திருப்பிக் கொடுத்திருந்தது.
இரண்டு பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சப்பாத்து
அலைமேல் ஏறி இறங்கியது.
சிறிது நேரம் நின்றான்.
மிச்சத்தின்மேல் கல் வைத்தான்.

மூன்று ஐம்பத்திரண்டு, கீழ்ப் பள்ளம், புகை இல்லை
என்று அவள் நோட்டில் எழுதினாள்.
வேறெதற்கும் அதில் கட்டம் இல்லை.
ஈரப்பதம் பத்து.

கேட்டை இப்போது கொச்சாயூயோத் தண்டால்
கம்பத்தோடு கட்டியிருக்கிறார்கள்.
மாடு எங்கும் போகவில்லை.
முடிச்சை நக்கிக்கொண்டு நிற்கிறது,
உப்புக்காக.